நான்கு நாடுகள் கூப்பிட்ட பெயர்

— கையெழுத்துப் போட்டா நான் செத்துப்போனதா ஆயிடும்மா. அதையாவது புரிஞ்சுக்க.

— புரியாம இல்ல மாமா. ஆனா நிஜமா செத்துப்போனது உங்க தம்பி, என் வீட்டுக்காரரு. ஆஸ்பத்திரிச் சீட்டுல உங்க பேரை எழுதிக் குடுத்திருக்காங்க. கூடப்பிறந்தவங்க யாராவது திருத்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டாத்தான் மாத்துவாங்களாம். உங்களை விட்டா அவருக்கு யாரு இருக்கா?

— இருபத்தாறு வருஷமா அவன் பேரு என்கிட்ட இருக்கு. என் பேரு அவன்கிட்ட இருந்துச்சு. பாஸ்போர்ட்டு, ஒப்பந்தம், பயிற்சியாளர் உரிமம், எல்லாம் அவன் பேருல. இப்ப அந்தப் பேரை இறந்தவங்க பதிவேட்டுல ஏத்தினா, நாளைக்கு என்னை விமானத்துல ஏத்துவாங்களா?

— ஏத்த மாட்டாங்க.

— எவ்வளவு சாதாரணமாச் சொல்ற.

— வேற எப்படிச் சொல்லணும்? மூணு நாளா அழுது முடிச்சாச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தப் பெஞ்சு ஆடுது.

— அவனே கேட்டானா? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு.

— அவரேதான். அண்ணன் பேருல வாழ்ந்துட்டேன், போறப்பவாவது என் பேருல போறேன்னாரு. அத்தனை நாள் படுத்துக்கிடந்தாரே, இன்னொரு தலகாணி வேணும்னுகூட என்கிட்ட கேட்டதில்ல. இதை மட்டும் ரெண்டு தடவை கேட்டாரு.

— நான் ஒரு சீசனுக்கு மட்டும் குடுடான்னுதான் கேட்டேன். வெளிநாட்டுக் கால்பந்துக் கிளப்புக்கு ஆள் எடுக்க வந்தவரு பதினாறு வயசைத் தாண்டின ஒருத்தனையும் தொடமாட்டேன்னாரு. எனக்குப் பத்தொம்போது, அவனுக்குப் பதினஞ்சு. பிறப்புச் சான்றிதழை ஜியாமெட்ரி பெட்டிக்குள்ள நாலா மடிச்சு வெச்சிருந்தான். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. எடுத்து நீட்டினான்.

— நீட்டிட்டாரு. அந்தப் பேருல ஒருத்தன் வெளிநாட்டுல பந்தாடறப்ப, அதே பேருல இன்னொருத்தன் இங்க பரீட்சை எழுதினா மாட்டிக்குவோம்னு உங்கப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாரு. உங்க சான்றிதழைக் காட்டித்தான் அச்சகத்துல தாள் அடுக்கச் சேர்ந்தாரு. கணக்குல முதல் மார்க்கு வாங்கிட்டிருந்தவராமே?

— எனக்கும் சேர்த்து அவன்தான் வீட்டுக்கணக்குப் போடுவான். நாலு வயசு சின்னவன்.

— இருக்கட்டும்.

— முதல் நாட்டுல பனியில ஆடினேன். கண்ணுக்குத் தெரியணும்னு ஆரஞ்சு நிறப் பந்து குடுப்பாங்க. கோல் போட்டா ஒலிபெருக்கியில பேரைச் சொல்லுவாங்க, மொத்தக் கூட்டமும் மூணு தடவை திருப்பிச் சொல்லும். ஏம்மா சிரிக்கற?

— நீங்க கோல் போட்டா அவரு டி.வி. முன்னாடி எழுந்து நிப்பாரு. யார் யாரோ என்னைக் கூப்பிடறாங்க பாருன்னு சிரிப்பாரு. அப்புறம் டி.வி.யை அணைச்சுட்டு அச்சகத்துக்குக் கிளம்பிடுவாரு.

— நாலு நாட்டுலயும் நாலு விதமா உச்சரிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் அவன் எனக்குப் பின்னாடி நிக்கறான், அவனைத்தான் கூப்பிடறாங்கன்னு தோணும். திரும்பிப் பார்ப்பேன். என்னைத் தடுக்க வந்த தடியன்தான் நின்னுட்டிருப்பான்.

— முழங்கால் இப்ப எப்படி இருக்கு?

— மாடி ஏறினா சத்தம் போடுது. நாலாவது நாட்டுல டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, முப்பத்துமூணு வயசுல எப்படி இவ்வளவு தேஞ்சுதுன்னாரு. எனக்கு முப்பத்தேழுன்னு சொல்லவா முடியும்? அதோட ஆட்டத்தை விட்டேன். இப்ப அதே நாட்டுல பதினஞ்சு வயசுப் பசங்களுக்குப் பயிற்சி குடுக்கறேன். ஒவ்வொருத்தன் வயசுச் சான்றிதழையும் சரிபார்த்து நான்தான் கையெழுத்துப் போடணும்.

— அதுக்கெல்லாம் போடறீங்க.

— குத்தாதம்மா. எனக்குன்னு மிஞ்சினது அந்தப் பசங்கதான். ஞாயித்துக்கிழமை ஆட்டம் வேற இருக்கு. அதுவும் போச்சுன்னா, நாப்பத்தஞ்சு வயசுல நான் யாரு? உனக்கும் சிக்கல்தான். உங்க கல்யாணப் பதிவுல புருஷன்னு இருக்கறது என் பேரு.

— இருக்கட்டும். பதினேழு வருஷமா காகிதத்துல நான் உங்க பொண்டாட்டி. ஒரு நாளாவது உங்க சட்டையைத் துவைச்சிருக்கேனா? ஒண்ணே ஒண்ணு துவைச்சேன். நீங்க அனுப்பினீங்களே, முதுகுல பேரு போட்ட பத்தாம் நம்பர் சட்டை. அவரு ஒரு தடவைகூடப் போட்டுக்கல. போறப்ப நான்தான் போட்டு அனுப்பினேன்.

— இறப்புப் பதிவு, ஆறாம் எண். ஆறாம் எண் யாருங்க? ஜன்னல்கிட்ட வாங்க.

— நாங்கதான்.

— சீட்டைக் குடுங்க. விதிப்படி... சார், நீங்களா? நாலு நாட்டுல ஆடினவரு நீங்கதானே?

— ஆமா.

— அரையிறுதியில கொட்டற மழையில தலையால முட்டிப் போட்டீங்களே, எண்பத்தொம்போதாவது நிமிஷம். நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வயசு சார், மாசம்கூட ஒண்ணுதான். என் பையன் பிறந்தப்ப வேற பேரே யோசிக்கல, உங்க பேரைத்தான் வெச்சேன். மன்னிக்கணும், துக்கத்துல வந்திருக்கீங்க. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?

— தம்பி.

— சீட்டுல வயசு நாப்பத்தஞ்சுன்னு இருக்கே. அப்ப அண்ணன்தானே?

— மேல படிங்க.

— விதிப்படி படிச்சுக் காட்டணும். நோய், நுரையீரல். பன்னிரண்டாம் தேதி, பெயர் சொல்லி அழைத்தபோது திரும்பவில்லை, நினைவு தவறிய நிலை. பதிமூணாம் தேதியும் அதேதான். பதினாலு, பதினஞ்சு, எல்லாத்துலயும் அதையே எழுதியிருக்காங்க.

— நினைவு தவறிடுச்சாம்மா? என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.

— எங்க தவறிச்சு? கடைசி வரைக்கும் தெளிவா இருந்தாரு மாமா. நர்ஸு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. இருபத்தாறு வருஷம் அந்தப் பேருக்குத் திரும்பிட்டேன், போதும்னு விட்டுட்டாரு. நான் காதுகிட்ட குனிஞ்சு அவரு பேரைச் சொன்னேன். கண்ணைத் திறந்து, 'ம், சொல்லு'ன்னாரு.

— நாலு நாளுமா?

— நாலு நாளும்.

— சார், நான் அவசரப்படுத்தல. சீட்டுல உள்ளபடியே பதிஞ்சிடலாமா? திருத்தம் எதுவும் இல்லையே?

— இருக்கு. திருத்தப் படிவம் குடுங்க.

— மாமா...

— நீ சும்மா இரும்மா. எங்க போடணும்?

— இங்க, கோட்டுக்கு மேல. பதிஞ்சுட்டா அப்புறம் மாத்த முடியாது சார், விதிப்படி சொல்லிடணும். என்ன சார், பேனா எழுதலையா?

— பேனா நல்லாத்தான் இருக்கு. இந்தக் கையெழுத்தை நான் போட்டு ரொம்ப வருஷமாச்சு. இந்தாங்க.

— சரி. இறந்தவரோட சரியான பேரு?

— ஜன்னல்ல என்னைப் பார்த்ததும் ஒரு பேரு ஞாபகம் வந்துச்சே, அதை எழுதுங்க.

— உங்க பேரு எனக்குத் தெரியாதா சார்? நான் கேக்கறது இறந்தவர் பேரை.

— அதைத்தான் சொல்றேன். உங்க பையனுக்கு நீங்க வெச்சது என் தம்பி பேரு.