புதுக் கம்பெனியின் கத்தல்

1. இரண்டு விமானக் கம்பெனிகள் ஒன்றாகின.
2. பணிப்பெண்கள் எல்லோரும் மறுபடி பயிற்சிக்குப் போகவேண்டி வந்தது.
3. நோர்வேயில், ரொம்மன் ஸ்டேஷன் பக்கம் போகும் ரயிலில், சீருடையில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"இவ்வளவு காலமும் ஒரு மாதிரிக் கத்தினனான். இப்ப வேற மாதிரிக் கத்தட்டாம்."

"ஏனடி?"

"அவசரத்தில சனத்தை இறக்கேக்கை நாங்கள் முதல்ல 'பெல்ட்டைக் கழட்டுங்கோ' எண்டு கத்துவம். மற்றக் கம்பெனிக்காரர் முதல்ல 'சாமானை விடுங்கோ' எண்டுவினம். நேற்றுச் சோதினையில வாய் தானாப் பழசைக் கத்திப்போட்டுது. பெயில்."

"இனி?"

"நாளைக்குத் திரும்ப. அதிலயும் பிழைச்சா பறக்க விடமாட்டினம்."

"யூனியன் என்ன சொல்லுது?"

"போகாமல் விடாதையாம். தனியவும் போகாதையாம். தங்கட ஆள் ஒண்டு பக்கத்தில இருக்குமாம்."

"இருந்து?"

"கேட்டுக்கொண்டிருக்கும்."

"அப்ப இப்ப ஒருக்காக் கத்து, நானும் கேக்கிறன்."

"இஞ்சையோ?"

"ரயில்ல இருக்கிறவை ஒண்டும் சொல்லமாட்டினம்."

அவள் எழுந்து நின்று, "சாமானை விடுங்கோ!" என்று நோர்வேஜிய மொழியில் கத்தினாள். எதிரே இருந்த முதியவர் மடியிலிருந்த பையை மெல்லக் கீழே வைத்தார். வேறு யாரும் அசையவில்லை.

"காணும், இரு," என்றாள் தோழி.

ரொம்மனில் இருவரும் இறங்கினார்கள். கதவு மூடிய பிறகுதான் முதியவர் பையை எடுத்தார்.

சோதனை நாளை. இதுவரை ஒருமுறை சரியாகக் கத்தியிருக்கிறாள்.