புங்கந்தழை

வண்டி ஓட்டத் தெரிந்த பாதிப்பேருக்கு ஹாரன் அடிக்கத் தெரியாது சார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், காது போய்விடும். நான் பெண்களுக்கு டூவீலர் சொல்லிக் கொடுக்கிறவள். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்: மலை வளைவில் குட்டையாக இரண்டு முறை அடி, அடித்துவிட்டுக் காது கொடு. எதிரே ஆள் இருந்தால் பதிலுக்கு அடிப்பார்கள். பதில் வராவிட்டால் பாதை காலி, தைரியமாகப் போ. மணிமொழிக்குத்தான் அது சீக்கிரம் வரவில்லை. ஜவுளிக்கடையில் வேலை செய்த மலைப்பெண். ஒரே நீட்டாக அடித்துவிட்டுச் சிரிப்பாள். "இன்னாடி, கல்யாண ஊர்வலமா போற?" என்று திட்டித் திட்டித்தான் அவளைத் திருத்தினேன்.

தண்ணீர் வேண்டாம் சார், குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் செந்தமிழ்ச்செல்வி. எனக்கு இதுவரை ஒரு அபராதச் சீட்டுகூட வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வகுப்பு கிடையாது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வனின் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கல்வராயன்மலைக்குப் போவேன். காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவேன். புருஷனை முழுங்கிய வண்டியில் பொம்பளை ஊர் சுற்றுகிறாள் என்று தெருவில் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நானும் மூட முயற்சி செய்யவில்லை.

அவர் செத்தது அந்த வண்டியில்தான். முன் ஃபோர்க்கை மாற்றி, டேங்க்கில் நெளிவெடுத்து, நான்தான் மறுபடி ஓட வைத்தேன். மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார், நல்ல பனிமூட்டம். வளைவைத் தாண்டியதும் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றிருந்தது. நம் பக்கத்தில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வார்கள்? பக்கத்து மரத்தில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து, வருகிறவன் கண்ணில் படும்படி ரோட்டில் போடுவார்கள். பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காதவனுக்கும் அது தெரியும். அந்த லாரியின் டிரைவர் மாயவன் அதைச் செய்யவில்லை. டயருக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடப் போனில் சிக்னல் தேடி நடந்துபோயிருக்கிறான். பிறகு நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் புங்கமரம். கை எட்டும் உயரத்தில் தழை.

பனியில் வேகமாக வந்தது செத்தவர்தான் என்று கேஸ் முடிந்தது. அதன்பிறகு மாயவன் ஒருநாள் என் வீட்டு வாசலுக்கு வந்தான். "அந்த நேரத்துல எனக்குத் தோணலம்மா. நான் பண்ணது தப்புத்தான். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான். கதவைச் சாத்திவிட்டேன். அவன் வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான். மன்னிப்பு என்ன ரேஷன் அரிசியா சார், வரிசையில் நின்றால் கிடைப்பதற்கு?

அவன் லாரியை விட்டுவிட்டான். மொபெட்டில் பிளாஸ்டிக் குடம், பக்கெட், முறம் எல்லாம் கட்டிக்கொண்டு மலை ஊர்களுக்குப் போய் விற்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கண்ணில் படுவான். சில நேரம் அவன் பின்னால் போவேன். பின்னால் போவது குற்றமில்லை. போதிய இடைவெளி விட்டுத்தான் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ராத்திரி மலையில் நல்ல மழை. கச்சிராயபாளையத்தில் சுஐப் பாய் கடையில் டீக்கு நிறுத்தினேன்.

"மழ பேஞ்ச ரோட்டுல தனியாவா போறீங்க?" என்றார் பாய். "மேல மண்ணு அரிச்சிக்கினு போயிருக்கும். ஆனா கவலப்படாதீங்க. மாயவன் இப்பத்தான் மேல போனான். எங்கனா பள்ளம் இருந்தா தழ போடாம நவுர மாட்டான். அவன் இருக்கறவரிக்கும் இந்த ரோட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

"எந்த மாயவன் பாய்?"

"குடம் விக்கறானே, அவன்தான். அந்தக் காலத்துல ஏதோ ஆக்சிடென்ட்டாம். அதுலேந்து மனுசன் இப்படி ஆயிட்டான். தங்கமான ஆளு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கண் போனது எனக்கு, நமஸ்காரம் மட்டும் அவனுக்கு. என் புருஷனின் சாவை உரமாகப் போட்டு அவன் நல்ல பெயர் வளர்த்துக்கொண்டிருக்கிறான். ஊரே அவனை மன்னித்துவிட்டது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி, வளைவெல்லாம் ஏறி, வெள்ளிமலையில் தார் ரோட்டை விட்டு மேல்தாழையனூர் ஜல்லிப் பாதையில் திரும்பினேன். ஜல்லியில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வண்டி ஆடினால் ஆடட்டும் என்று விட வேண்டும். முன் பிரேக்கில் விரல் போகவே கூடாது, இரண்டாம் கியரில் மெதுவாக ஏற வேண்டும். இறக்கத்தில் இன்னும் கஷ்டம், ஒருமுறை வழுக்கினால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. காற்று குளிர்ச்சியாக இருந்தது. சாமைக் கொல்லைகள் பச்சையாக இருந்தன. மனசு விட்டுப்போன வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு வளைவுக்குக் கீழே மாயவனின் மொபெட் நிற்பது தெரிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அங்கே ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். ராத்திரி வெள்ளத்தில் அதில் பாதி அடித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு ஓரமாக ஆள் மட்டும் நடக்கலாம், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். மேலிருந்து இறங்குகிறவர்களுக்கு வளைவு திரும்பும்வரை அந்தப் பள்ளம் தெரியாது.

மாயவன் புங்கமரத்தில் நல்ல கொத்தாகப் பார்த்து இரண்டு ஒடித்தான். இடுப்பிலிருந்த சிவப்புத் துண்டைக் கிழித்து இரண்டிலும் கட்டினான். கீழ்ப்பக்கம் ஒன்று போட்டுக் கல் வைத்தான். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு தாண்டினான். மேல்பக்கம் வளைவுக்கு முன்னாலேயே தெரிகிற மாதிரி இன்னொன்று போட்டு அதற்கும் கல் வைத்தான். தூரப் போய் நின்று, தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்தான். திரும்ப வந்து ஒரு கல்லை நகர்த்தி வைத்தான். எவ்வளவு நிதானம். எவ்வளவு பொறுப்பு. என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு கொத்து, ஒரே ஒரு கொத்து போட அவனுக்குத் தோணவில்லை.

அவன் மேலே போய் மறைந்ததும் நான் போய் இரண்டு தழையையும் எடுத்து ஓடையில் போட்டேன். வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. கற்களை ஓரமாகத் தள்ளினேன். ரோட்டில் கிடக்கும் தழையைப் பொறுக்குவதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் என் வண்டியை நிழலில் நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரையும் விழவைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

மேலிருந்து ஒரு ஸ்கூட்டி வந்தது. வளைவு திரும்பியதும் பள்ளம். மீதியை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

வந்தது மணிமொழி. மேல்தாழையனூரில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்க முந்தின சாயங்காலம் ஏறியிருக்கிறாள். அப்போது பாலம் முழுசாக இருந்தது. காலையில் கடைக்குத் திரும்பும்போது வழியில் மாயவனைப் பார்த்திருக்கிறாள். அவன் நிறுத்திச் சொல்லியிருக்கிறான்: "கீழ பாலம் போயிடுச்சும்மா. தழ போட்டு வெச்சிருக்கேன். தழ வர்றவரிக்கும் பயமில்ல, தழயப் பார்த்ததும் எறங்கித் தள்ளிக்கினு போ." அவள் தழையைத் தேடிக்கொண்டேதான் வந்திருக்கிறாள்.

சத்தம் கேட்டு மாயவன் ஓடிவந்தான். நான் ஓடையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு இல்லை. அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். ஆனால் கண் ரோட்டிலேயே இருந்தது. மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

"எம்மா, நீங்க கீழயிருந்துதான வந்தீங்க? அங்க தழ கெடந்துச்சா? செவப்புத் துணி கட்டி..."

"தழையா?" என்றேன். "என் கண்ணுல எதுவும் படலியே மாயவன்."

இதற்காகத்தான் நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமை மலையேறினேனோ என்னவோ. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "போட்டேனே. கல்லு வெச்சேனே" என்றான். ரோட்டை மறுபடி பார்த்துவிட்டு, "வெச்சேனா?" என்றான். பிறகு ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மறுபடியும் வுட்டுட்டனா" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் உங்களிடம் வந்து, சரியாகப் போடவில்லை, என் தப்புத்தான் என்று சொன்னதை நானும் கேள்விப்பட்டேன். கச்சிராயபாளையத்தில் அவனுக்கு டீ கொடுக்க ஆளில்லை. எனக்கு வெகுநாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது.

அத்தோடு போயிருக்க வேண்டியது. நேற்று மணிமொழியின் காரியத்துக்கு மேல்தாழையனூர் போனேன். சொல்லிக்கொடுத்தவள் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அவள் அம்மா காசியம்மாளின் வாசலில் மாயவன் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். விறகு பிளந்து அடுக்கியிருந்தான். காசியம்மாள் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் தட்டைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தான்.

"நீ இன்னா வேணும்னா செஞ்ச? மனுசனுக்கு மறதி வராதா? சாப்புடுப்பா" என்றாள் அவள். பெற்ற மகளைப் பறிகொடுத்தவள். அவன் தலையில் கை வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

என் வாசலில் கிடைக்காதது அவனுக்கு அங்கே கிடைத்துவிட்டது சார். அதுவும் நான் செய்த வேலையில். என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். அவன் தழை போட்டான், நல்ல இறுக்கமாகவே போட்டான், எடுத்தது நான். அவனிடம் சொல்லிவிடுங்கள். அந்த வீட்டில் அழுதுகொண்டு சோறு தின்ன அவனுக்கு இனி எந்த உரிமையும் இல்லை.

யாரையும் விழவைக்க நினைக்கவில்லை என்று முன்னால் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். யாராவது ஒருத்தர் விழுந்தால்தானே அவன் தழை போடாதவன் ஆவான். யார் வருவார்கள் என்று தெரியாது என்றேன், அதையும் அடித்துவிடுங்கள். வளைவுக்கு மேலே அவள் வண்டியை மெதுவாக்கி ஹாரன் அடித்தாள். குட்டையாக, இரண்டு முறை. அந்த மலையில் அப்படி அடிக்கிறவர்கள் என்னிடம் படித்தவர்கள்தான். அடித்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, காது கொடுத்து நின்றாள். என் வண்டியில் சாவி போட்டிருந்தது. கட்டைவிரல் ஹாரன் மேல்தான் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.