சாப்பாட்டு அறைக் கரும்பலகையைக் கழற்றாதீர்கள்!

கோபத்தை மொத்தமாகவும் சிரிப்பைச் சில்லறையாகவும் வழங்கிவரும் எங்கள் அச்சகத்தின் புதிய மேலாளரும் இவ்விழாத் தலைவருமான ஐயா அவர்களே! (சிரிக்காதீர்கள், நாளைக்கு நான் வேலைக்குப் போகவேண்டும்.) எழுத்தோடு மல்லாடியே தலை நரைத்த பெரியோர்களே! எங்கள் மைக்கறைச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்துக் கை சிவந்த தாய்மார்களே! இந்த இயந்திரக்காரனின் இனிய வணக்கம்.

இந்த வாரம் உலகம் என்ன செய்தது? ஓர் அரசு கவிழ்ந்தது, அச்சடித்தோம். ஒரு நடிகருக்குக் கல்யாணம், வண்ணத்தில் அச்சடித்தோம். புயல் வரும் என்றார்கள், அச்சடித்தோம். வராது என்றார்கள், அதையும் அச்சடித்தோம்! ஊரார் செய்தியை உருட்டி உருட்டி ஓட்டுகிற நமக்கென்று ஒரு செய்தி உண்டா? உண்டு! சாப்பாட்டு அறைக் கரும்பலகையில் உண்டு!

திங்கட்கிழமை, காகிதம் மடிக்கும் அக்கா எழுதினார்: ‘என் மகன் சைக்கிள் பழகிட்டான். பக்கத்து வீட்டுக் கோழி தப்பிச்சிடுச்சு.’ யாரப்பா அங்கே, ‘உங்க செய்தி என்ன அண்ணே’ என்பது? ‘இன்றோடு சர்க்கரையை விட்டேன்’ என்று எழுதினேன்; நாலு மணித் தேநீருக்கே மறுப்புச் செய்தி போட வேண்டியதாயிற்று!

அந்தப் பலகையை வரும் திங்களன்று கழற்றிவிட்டு, உற்பத்தி அட்டவணை மாட்டப் போகிறார்களாம்.

தலைவர் அவர்களே, வியாழக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். என் பக்கத்து இயந்திரத்துத் தம்பியின் மனைவி எட்டு மாதமாய்ப் படுத்த படுக்கை. அவன் மை துடைக்காத கையோடு வந்து எழுதினான்: ‘என் பொண்டாட்டி இன்னைக்குத் தானா எந்திரிச்சு நாலு அடி நடந்தா.’

எங்கள் பிழைதிருத்துபவர் வந்தார். டாக்டர் தந்த மருந்துச் சீட்டையே திருத்திக் கொடுத்த மகான் அவர்! சிவப்புச் சாக்பீஸை எடுத்தார். போச்சுடா, வெட்டப் போகிறார் என்று நினைத்தோம். ஓர் எழுத்தையும் தொடவில்லை. ஓரத்தில் எழுதினார்: ‘முதல் பக்கம்.’

சொல்ல வெட்கமில்லை, அழுதுவிட்டேன். சோற்றுக் கையோடு அத்தனை பேரும் கைதட்டினோம்.

பொன்னிலா மகிழ்ச்சி? பொருளிலா மகிழ்ச்சி? நாலு அடியில் மகிழ்ச்சி! அதை நாலு பேர் அறியச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? கழற்றாதீர்கள் ஐயா! கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், பலகைமேல் காட்டாதீர்கள்!

பொறுங்கள், தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். என்ன ஐயா? ஒலிபெருக்கியிலேயே சொல்லுங்கள்.

“பலகை இருக்கட்டும்யா. நானும் ஒண்ணு எழுதலாமா?”

கேட்டீர்களா! எழுதுங்கள் ஐயா, எழுதுங்கள்! பசியோடும் பொறுமையோடும் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். யாராவது ஐயாவுக்கு ஒரு சாக்பீஸ் கொடுங்கப்பா!