சென்னை ஓவியக்கூடங்களுக்குத் தனியே சென்ற முத்துச்செல்வி

கோவில்பட்டி வட்டம், கடம்பூர், கீழத்தெருவில் குடியிருக்கும் பூவனலிங்கம் மகன் செண்பகராஜ், வயது 58, தொழில் விவசாயம், 27.01.2026 அன்று காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி அளித்த வாக்குமூலம்:

நான் மேற்படி முகவரியில் என் ஒரே மகள் முத்துச்செல்வியுடன் வசித்து வருகிறேன். மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது. மகளுக்கு வயது 27. கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சென்ற ஆனி மாதம் அவளைப் பரிசோதித்த டாக்டர், பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே போய்விட்டதாகவும் மிச்சப் பார்வை ஒரு வருடம் நிற்கலாம் என்றும் சொன்னார். அதன் பின்னர் மகள், சென்னையில் உள்ள சிறிய ஓவியக்கூடங்கள் மூன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். பெரிய மியூசியத்தில் கூட்டம் இடிக்கும், சின்ன இடம் என்றால் படத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம் என்றாள். ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்து, எத்தனை படி, கைப்பிடி உண்டா, வெளிச்சம் எப்படி, என்றைக்கு விடுமுறை என்று கேட்டு நோட்டில் எழுதிவைத்தாள். நான் கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

புரட்டாசியில் டிக்கெட் எடுத்தோம். அந்த வாரம் மழை இறங்கியதால் விதைப்புக்காக ரத்து செய்தேன். அதன் பின்னர் கார்த்திகையில் எடுத்த டிக்கெட்டையும், மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து மருந்தடிக்க வேண்டியிருந்ததால் ரத்து செய்தேன். தை பிறந்ததும் மறுபடி கேட்டாள். அறுப்பு மெஷின் வர இருந்ததால், "அடுத்த மாசம் போவோம்ட்டி" என்றேன். அதற்கு அவள், "அடுத்த மாசம் படம் அங்கனதான் இருக்கும். என் கண்ணு இருக்குமாப்பா?" என்றாள். நான் மெஷின்காரருக்குப் போன் செய்யப் போய்விட்டேன்.

20.01.2026 மாலை தனியாக ரயில் ஏறிவிட்டாள். மறுநாள் காலை போன் செய்து, "எழும்பூர்ல இறங்கிட்டேன். ஆட்டோல போறேன், பயப்படாதீய" என்றாள். பகல் 1 மணிக்கு, ஓர் இடம் பார்த்தாகிவிட்டது என்றாள். குரல் தெளிவாக இருந்தது. மாலை 6.30 மணிக்கு நான் அழைத்தபோது போன் அணைந்திருந்தது. அதன் பின்னர் பேசவே இல்லை.

22-ந் தேதி சென்னை போய்ப் புகார் கொடுத்துவிட்டு, அவள் வீட்டில் விட்டுப்போன நோட்டை வைத்துக்கொண்டு மூன்று இடங்களுக்கும் போனேன். இரண்டாவது இடத்தின் காவலாளி அம்மாள், "ஒரே படத்தாண்ட மூணு மணி நேரம் நின்னுனு இருந்தாங்க சார். ஆறு மணிக்குச் சாத்தணும்னு நான்தான் அனுப்பினேன்" என்றார். பொழுது சாய்ந்தால் என் மகளுக்குக் கண் தெரியாது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. அந்தப் படத்தைக் காட்டினார். கறுப்பாக ஒரு வெளி, ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. மகள் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மூன்றாவது இடத்தின் வருகைப் பதிவில் அவள் பெயர் இல்லை. ஆஸ்பத்திரிகளிலும் விசாரித்தேன். தகவல் இல்லை.

என்ன நிற உடை உடுத்தியிருந்தாள் என்று சென்னையிலும் கேட்டார்கள், இங்கேயும் ஐயா கேட்கிறீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "போய்ட்டு வாரேன்ப்பா" என்றாள். சொல் கேட்காமல் போகிறாளே என்ற கோபத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே உடையின் நிறம் எனக்குத் தெரியாது.

நான் சொன்னபடி எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது இதுவே, சரியாக உள்ளது.

(ஒப்பம்) பூ. செண்பகராஜ்

என் முன்னிலையில் பதியப்பட்டது:
தலைமைக் காவலர்