திரும்பி வரும் கார்கள்

பழைய கார் வாங்க வருகிற சனம் முதலில் பெயின்றைத்தான் பார்க்கும். அது வீண் வேலை, சேர். பெயின்ற் இரண்டு நாளில் அடிக்கலாம். கதவைத் திறந்து ரப்பரை விலக்கி, உள்ளே வேறு நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பளத்தைத் தூக்கி மணந்து பார்க்க வேண்டும்; வெள்ளத்தில் நின்ற கார் எத்தனை தரம் கழுவினாலும் மணக்கும். இயந்திரம் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிற வியாபாரியை நம்பக் கூடாது.

நான் அந்தக் கள்ள வேலையெல்லாம் செய்ததில்லை. சீனன்குடா வீதியில் பதினேழு வருடமாகக் கார் விற்கிறேன். மீற்றரைத் திருப்பினதில்லை, கார்ப் புத்தகத்தில் கள்ளம் இல்லை. தர்மசீலனிடம் வாங்கினால் ஏமாற மாட்டாய் என்று கிண்ணியாவிலும் சொல்வார்கள், குச்சவெளியிலும் சொல்வார்கள். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மனைவி போய் ஆறு வருடம். மகன் டோகாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமையில் போன் எடுத்து, சாப்பிட்டீங்களா அப்பா என்று கேட்பான். ஓம் என்பேன். வைத்துவிடுவான். மற்றபடி எனக்குக் கதைக்க இருந்தது கார் வாங்க வருகிறவர்கள்தான். ஒரு காருக்கு மூன்று நாலு தரம் வருவார்கள். இருத்தி வைத்து அவர்களுடைய வீட்டுக் கதையெல்லாம் கேட்பேன். கார்த் திறப்பைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: "அப்ப போட்டு வாறம் அண்ணை." போறம் என்று நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள், அபசகுனம். நானோ அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை முழுக்கப் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருத்தரும் வருவதில்லை. நல்ல கார் விற்றவனிடம் எதற்கு வருகிறார்கள்? அறுபது வயதில் ஒரு சொல்லை நம்பிக் காத்திருந்தது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் செய்தேன். ஹோர்ன் வயரை அரைகுறையாக விட்டேன். யன்னல் கண்ணாடி பாதியில் இறுகும்படி செய்தேன். அதற்கு என்னிடம் வராமல் தெருவில் ஆரையாவது பிடித்துத் திருத்திக்கொண்டார்கள். பிரேக் என்றால்தான் ஆட்கள் பயந்து விற்றவனைத் தேடி வருவார்கள் என்று பிறகு கண்டேன். கையெழுத்து வைத்த பிறகு, கழுவித் தருகிறேன் என்று காரைப் பின்பக்கம் கொண்டுபோய் பிரேக் ஒயில் குழாயில் ஒரு நட்டைக் கொஞ்சம் இளக்கி விடுவேன். மெல்ல மெல்லக் கசியும். இரண்டு மூன்று கிழமையில் பெடல் கீழே இறங்கும், ஆள் பதறிக்கொண்டு வரும். காசு வாங்காமல் திருத்திக் கொடுப்பேன். மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

நிரோஜினி ரீச்சர் ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தவர். தகப்பன் வீரக்குட்டியைக் கிழமைக்கு இரண்டு தரம் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிவர வேண்டும், பஸ்ஸில் வர மனுசனுக்கு ஏலாது. ரீச்சர் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெடலை அமத்தி ஒரு நிமிடம் பிடித்தும் பார்த்தார். அது இறங்கவில்லை. நட்டைத்தான் நான் இன்னும் தொடவில்லையே.

"வேற என்ன அண்ணை பார்க்கோணும்?"

"விக்கிறவன் ஆரெண்டு பார்க்கோணும்."

வாய்விட்டுச் சிரித்தார். என் முற்றத்தில் ஒரு ஆள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம். அவர் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பான ஆசை இல்லை, சேர்.

கார் கொண்டுபோன பதினெட்டாம் நாள் காலையில் போன் எடுத்தார். "அண்ணை, பிரேக் கீழ போகுது. அப்பாவை ஏத்தப் பயமாக் கிடக்கு. மூதூரில முனீப்பின்ர கராஜ் கிட்ட, அங்க காட்டட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. அங்க குடுத்தா பிறகு எனக்குப் பொறுப்பில்லை. இஞ்சயே கொண்டு வாங்கோ."

"அவ்வளவு தூரம் ஓடலாமோ?"

"ஓம். மெல்ல ஓடி வாங்கோ, ஒண்டும் நடக்காது."

முனீப் கெட்டிக்காரன், பத்து நிமிடத்தில் திருத்தியிருப்பான். பிறகு அவர் ஏன் என்னிடம் வரப்போகிறார்? நான் சவரம் செய்து, நல்ல சேர்ட் போட்டு, கடைக்குப் போய் பிஸ்கற் வாங்கி வந்தேன். பதினொரு மணி தாண்டியும் ஆளைக் காணவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முனீப்பிடம் போய்விட்டார் என்று நினைத்தேன். அந்த நேரம் அவர் கிண்ணியாவுக்கு அங்கால், நின்றுகொண்டிருந்த மண் ரிப்பர் லொறி ஒன்றின் பின்பக்கம் மோதி இறந்து போயிருந்தார். நல்ல காலம், தகப்பனை ஏற்றவில்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் ஒரு நாளும் தவறவில்லை. வீரக்குட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்கள் வராட்டி நான் கதைக்க ஆளில்லாமச் செத்திருப்பன்" என்று அழுதார். நீங்கள் என்னைக் கூட்டிவரும் வரைக்கும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். வழி முழுக்க மகளைப் பற்றியே கதைப்பார். அந்த இரண்டு நாளும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. மற்ற ஐந்து நாளும்தான் போகவே மாட்டேன் என்றன.

வாகனப் பரிசோதகர் எழுதினது சரி. நட்டை இளக்கினது நான், ஓடி வரச் சொன்னதும் நான். நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். நான் ஒரு ஆளை வீட்டுக்கு வரச் சொன்னேன், அவ்வளவுதான். நீங்கள் நல்ல மாதிரி, நாலு நாளாகக் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். ரீச்சரின் எட்டுச் செலவுக்குப் பிறகு விற்ற மூன்று கார்கள் இப்போது ரோட்டில் ஓடுகின்றன. மூன்றின் நம்பரும் எனக்கு மனப்பாடம். எழும்பாதீர்கள் சேர், ஒவ்வொன்றாக ஆறுதலாகக் கதைப்போம்.