பூனை எங்கே என்று கேட்டவருக்கு

பிழைக்குப் பகைவரே! பூனைக்கும் கிளிக்கும் புகலிடமே! முப்பத்தோராண்டுகள் எங்கள் பதிப்பகத்தின் அச்சாணியாய், சன்னலோர மேசையில் சாய்ந்த தலையும் சிவப்புப் பேனாவுமாய் அமர்ந்திருந்த மெய்ப்புத் திருத்துநர் ஐயா அவர்களே! இன்றோடு விடைபெறும் தங்களுக்கு நாங்கள் வாசித்தளிக்கும் மடல் இது.

வளர்ப்புப் பிராணிகள் துப்புத் துலக்கும் கதைகளே நம் பதிப்பகத்தின் பிழைப்பு. தையற்கடை அம்மாளுக்குத் துணையாக ஒரு சாம்பல் பூனை, பல் மருத்துவருக்கு ஒரு கிளி, விடுதிக்காரருக்கு ஒரு கிழட்டு நாய். கொலை நடக்கும், இரத்தம் தெறிக்காது, கடைசி அத்தியாயத்தில் தேநீர் வந்துவிடும். எழுதுகிறவர்கள் கொலைகாரனைத் துரத்தும் வேகத்தில் பிராணியை எங்காவது மறந்துவிட்டு ஓடுவார்கள். தாங்கள் மறக்க மாட்டீர்கள்! ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும் “பூனை எங்கே?” என்று ஓரத்தில் எழுதி, விடை கிடைத்த பிறகே பக்கத்தைப் புரட்டிய பொறுமையே பொறுமை! கிளி இரண்டு அத்தியாயமாகப் பட்டினி கிடப்பதைக் கண்டு, “கொலைகாரனை அப்புறம் புடிச்சுக்கலாம், முதல்ல கிளிக்குத் தீனி போடுங்க” என்று எழுத்தாளரைத் தொலைபேசியில் தாங்கள் விரட்டியது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

தங்கள் வீட்டிலும் ஒரு சாம்பல் பூனை. தனியாள் வீட்டில் தங்களுக்கு எல்லாமே அதுதான். “பேரெல்லாம் வைக்கலைங்க. கூப்பிட்டா வந்துடப் போகுதாக்கும்!” என்பீர்கள். காலைதோறும் தங்கள் சட்டைக் கையில் அதன் முடி ஒட்டியிருக்கும். அச்சுக்கோக்கும் அம்மா அதைத் தட்டிவிட்டபடியே வணக்கம் சொல்வார்.

மூன்று மாதங்களுக்கு முன் தாங்கள் மெய்ப்புப் பார்த்த நாற்பத்திரண்டாம் நாவலில் அந்தக் கேள்வி விடுபட்டது. ஏழாம் அத்தியாயத்தில் பரணில் அடைபட்ட பூனையை யாருமே திறந்துவிடவில்லை. கொலைகாரன் பிடிபட்டான், தேநீர் வந்தது, புத்தகமும் கடைக்குப் போய்விட்டது. “கதை முடிஞ்சிருச்சு, பூனை இன்னும் பரண்லயே இருக்கு. யாராவது திறந்து விடுங்களேன்” என்று ஒரு வாசகி எழுதிய கடிதத்தைத் தாங்கள் படித்தீர்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தீர்கள். மறுநாள் முதலாளி மேசையில் தங்கள் சீட்டு இருந்தது: “அந்த மெய்ப்பைப் பார்த்த வாரம் என் பூனை செத்துப்போனது. அந்தக் கேள்வியை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் தவறு தவறுதான். புத்தகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.”

ஐயா! வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். அந்தப் பக்கங்கள் எங்கள் ஆறு பேர் கையையும் கடந்துதான் அச்சுக்குப் போயின. தாங்கள் பார்த்துவிடுவீர்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை. அதுகூடப் போகட்டும். அந்த வாரம் முழுதும் தங்கள் சட்டைக் கையில் ஒரு முடிகூட இல்லை. துப்பறியும் கதை விற்றே வயிறு வளர்க்கும் நாங்கள், கண்ணெதிரே கிடந்த துப்பைக் கோட்டை விட்டோம். அச்சுக்கோக்கும் அம்மா நீட்டிய கையைச் சும்மா மடக்கிக்கொண்டார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முப்பத்தோராண்டுகள் தாங்கள் ஓயாமல் கேட்ட கேள்வியைத் தங்களிடம் ஒருமுறை கேட்க எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லையே, பாவிகள் நாங்கள்!

பெயரை எடுக்க மாட்டோம். பரண் கதவு திறக்கும் அந்த ஒரு வரியைத் தாங்களே எழுதித் தர வேண்டும். அதுவரை மறுபதிப்பு காத்திருக்கும். கண்ணொளி குன்றாமல், காலில் நோவு அண்டாமல், அடுத்தவர் பிழை பார்க்கும் அலுப்பு இனி இல்லாமல் நெடுநாள் வாழ்க!

இதற்கு மேல் செந்தமிழில் வாசிக்க வரவில்லை ஐயா. மூணு மாசம் கழிச்சுத்தான் கேக்கறோம், மன்னிச்சுக்கங்க. உங்க பூனை எங்க? அதுக்கு என்ன ஆச்சு, எப்படிச் செத்துச்சு? சொல்லுங்க. நாங்க யாரும் எழுந்து போகப் போறதில்லை.

இப்படிக்கு,
தங்களோடு ஒரே அறையில் இருந்தும் கவனிக்கத் தவறிய
பதிப்பக ஊழியர்கள் அறுவர்