உலர்ந்த தரை

ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், சார். அதனால் தரை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பவன். உங்கள் விசாரணைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எட்மண்ட், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்.

தாம்பரத்தில் எங்கள் மருத்துவமனைக்கு அந்த ரேடியோ அலைக் கருவி தொண்ணூற்றெட்டில் வந்தது. தோள் அடிக்கடி நழுவுகிறவர்களுக்கு, மூட்டுக்குள் குழாய்க் கேமராவை விட்டு, பேனா போன்ற முனையால் சூடு காட்டினால், தொளதொளத்த சவ்வு சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குழாயில் போய் இன்னொன்றில் வெளியே வரும். ஓட்டம் நின்றால் அந்த நீரே சூடேறி, எலும்பின் மேலுள்ள குருத்தெலும்பை வேகவைத்துவிடும். வெந்தது திரும்ப வளராது. டாக்டர் தோத்தாத்ரி முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்தார். நீர் வெளியேறும் குழாயின் திருகு என் பொறுப்பு.

அந்த நீர் வாளி நிறைந்து தரையெங்கும் பரவும். துடைப்பவர் கங்கம்மா.

"இன்னா எட்மண்ட் சாரு, பீர்க்கன்கரணை ஏரியே உள்ள பூந்த மாதிரி கீது. இந்த இடுப்ப வெச்சிக்கினு எத்தினி வாட்டி குந்தி எழுந்திருப்பேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எளியவர்களுக்குச் செய்யும் சிறு உதவியே பெரிய ஜெபம் என்று நம்புகிறவன் நான். பச்சைத் துணிக்கு அடியில் திருகைப் பாதி மூடினேன். அடுத்தடுத்த முறை முழுக்கவே மூடினேன். டாக்டரின் கண் டிவியில் இருக்கும். "எட்மண்ட், தண்ணி ஓடுதா?" என்பார். "ஓடுது சார்" என்பேன்.

"நீ நல்லா இருப்ப சாரு" என்று கங்கம்மா எனக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறிப்பார்.

முதலில் திரும்பி வந்தவர் பக்தவச்சலம், பஸ் டிரைவர். தொண்ணூற்றொன்பது மார்ச், ஆபரேஷன் முடிந்து நான்காம் மாதம். கையைத் தூக்கினால் எலும்பு எலும்போடு உரசும் சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார். "சூட்டுல வெந்துபோயிருக்கு. ஒரே இடத்துல ரொம்ப நேரம் வெச்சுட்டேன் போல, எட்மண்ட்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. காபி வாங்கிவந்து கொடுத்து, "உங்க கை தங்கமான கை சார்" என்றேன். அது பொய் இல்லை.

எதனால் வெந்தது என்று எனக்கு அன்றே தெரியும். சொன்னால் கங்கம்மாவின் பெயரும் இழுபடும். யாரையும் காட்டிக்கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

பிறகு அருள்மேரி. அனகாபுத்தூரில் டீச்சர், இருபத்தாறு வயது. கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதக் கையைத் தூக்கினால் தோள் நழுவிவிடும். ஆகஸ்டில் மேஜையில் படுக்கவைத்தபோது நடுங்கினாள். நெற்றியை வருடி, "பயப்படாதம்மா, நான் கூடவே இருக்கேன்" என்றேன். அவளுக்காக மனதுக்குள் ஜெபித்தேன். அவள் மயங்கியதும் போய்த் திருகை மூடினேன்.

போன வாரம் வந்திருந்தாள். "இப்ப போர்டுல கீழ்ப்பாதியிலதான் எழுதறேண்ணா. பின் பெஞ்சுப் பசங்க எழுந்து நின்னு பாக்குதுங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். டாக்டர் ஆபரேஷன் செய்வதையே விட்டுவிட்டார். மாடம்பாக்கம் கோயிலில் போய் உட்கார்ந்திருக்கிறாராம். தான் செய்யாத பாவத்துக்கு அவர் அழக் கூடாது. அதனால்தான் நானாக வந்தேன். பக்தவச்சலத்துக்குப் பிறகு, தெரிந்தே மூடியது ஒன்பது பேருக்கு.

வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிறீர்கள். ஆமாம், கங்கம்மா ஏப்ரலிலேயே வேலையை விட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு தண்ணீரை உறிஞ்ச மெஷின் வந்துவிட்டது. யாரும் குனிய வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஆகஸ்டில் அருள்மேரிக்கு ஏன் மூடினாய் என்று கேட்கிறீர்கள்.

நல்ல பழக்கத்தைச் சட்டென்று விட முடிவதில்லை, சார்.